திருவல்லிக்கேணி மேன்ஷனில் போலீஸ் சோதனை: பார்த்ததும் தெரிந்துகொண்டதும்

"வாரண்ட் இருக்கா?" என்று ஹீரோ கேட்டதும் இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கித் திரும்பிப் போவது சினிமாவில் நடக்கும். திருவல்லிக்கேணியில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இங்கே ஒரு மேன்ஷனில் மேனேஜராக இருக்கிறேன். மெடிக்கல் ரெப், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பையன்கள், சினிமா வாய்ப்புத் தேடுகிறவர்கள், ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லா ஊர்க்காரர்களும் தங்கும் இடம். இப்படிப்பட்ட இடத்துக்கு ஆளைத் தேடிக்கொண்டும் வருவார்கள், பொருளைத் தேடிக்கொண்டும் வருவார்கள். போலீஸ் வருவது எங்களுக்குப் பெரிய சேதி இல்லை.

எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அவர்களோடுதான் நாளைக்கும் நான் பிழைக்க வேண்டும். சட்ட விஷயங்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் மேன்ஷனில் தங்கிச் சட்டம் படித்து இப்போது எழும்பூர் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் ஒரு வக்கீல். நான் அவரை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் முதலில் சொன்னதே என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது: "அண்ணே, நம்ம ஊர்ல நடக்கிற சோதனையில பெரும்பாலும் வாரண்டே இருக்காது. அதுக்குச் சட்டத்துலயே வழி இருக்கு. நீங்க கேக்க வேண்டியது வாரண்டை இல்ல, பேப்பரை."

கோர்ட் கொடுக்கும் சோதனை வாரண்ட் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 96, 97-வது பிரிவுகள் வாரண்டைப் பற்றியவை. ஆனால் புலனாய்வு செய்யும் அதிகாரிக்கு 185-வது பிரிவு என்று ஒரு பெரிய கதவு திறந்தே இருக்கிறது. பழைய சட்டத்தில் இது 165. அங்கே சுற்றி இங்கே சுற்றி எங்கள் மேன்ஷனில் நடக்கும் சோதனைகளில் பாதி இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது.

ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும். மப்டியில் ஒரு எஸ்.ஐ., யூனிஃபார்மில் ஒரு ஏட்டும் ஒரு காவலரும், அவர்கள் நடுவில் தலையைத் தொங்கப் போட்டபடி ஒரு பையன். செல்போன், லேப்டாப் திருட்டில் பிடிபட்டவன். எங்களிடம் தங்கியிருந்த வேறொரு பையனின் அறையில் பொருளை வைத்திருப்பதாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறான்.

"மூணாவது மாடி, கடைசி ரூம். சாவி எடுங்க."

"எந்தக் கேஸ் சார்? க்ரைம் நம்பர் சொன்னீங்கன்னா நோட்டுல எழுதிக்கிறேன்."

"ஏன்யா, வாரண்ட் கேப்பியோ?"

"வாரண்டெல்லாம் வேணாம் சார். ஓனர் கேட்டா நான் காட்டணும். நம்பர் மட்டும் குடுங்க."

எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏட்டுதான், "குடுத்துடலாம் சார், மகஜர்ல எப்படியும் வரப் போகுது" என்றார். மகஜர் என்பது சோதனையில் கண்டதையும் கைப்பற்றியதையும் அங்கேயே எழுதும் பேப்பர். நம்பர் வந்தது. நேரம், அதிகாரியின் பெயர், பதவி, ஸ்டேஷன் எல்லாவற்றையும் என் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. க்ரைம் நம்பர் இருக்கிறது என்றால் எப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள், புலனாய்வு நடக்கிறது என்று அர்த்தம். 185-வது பிரிவு புலனாய்வுக்காகத்தான். சும்மா ஒரு சந்தேகத்தில், 'என்ன கிடைக்கிறது பார்ப்போம்' என்று அறை அறையாகத் துழாவுவதற்கு அது இடம் கொடுக்கவில்லை.

அந்தப் பிரிவு கேட்பது இதுதான். குறிப்பிட்ட பொருள் குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். வாரண்ட் வாங்கப் போனால் தேவையில்லாத தாமதம் ஆகும் என்று அதிகாரி கருத வேண்டும். அந்தக் காரணத்தையும், எதைத் தேடுகிறோம் என்பதையும் சோதனைக்கு முன்பே கேஸ் டைரியில் எழுதிவிட வேண்டும். கூடுமானவரை அந்த அதிகாரியே நேரில் வந்து தேட வேண்டும். கீழே உள்ளவரை அனுப்பினால் எழுத்தில் உத்தரவு கொடுத்து அனுப்ப வேண்டும். எழுதியதன் நகலை உடனே, அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள், அருகில் உள்ள மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்த 48 மணி நேரக் கெடு புதிய சட்டத்தில் வந்தது. சோதனை நடந்த இடத்தில் குடியிருப்பவர் மனு கொடுத்தால் மாஜிஸ்திரேட் அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரி பல பேருக்குத் தெரியாது. 'எதுக்குய்யா என் ரூமைத் தேடினாங்க' என்று வருஷக் கணக்கில் புலம்புகிறவர்கள், அந்தக் காரணம் எழுதின பேப்பரை ஒரு மனுவில் வாங்கிவிடலாம்.

சரி, அறைக்கு வருவோம். பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி என்னிடம். இந்த இடத்தில்தான் மேனேஜர்களுக்குக் கை நடுங்கும். திறந்தால் குடியிருப்பவன் கேட்பான், திறக்காவிட்டால் போலீஸ் கேட்கும். 103-வது பிரிவு சொல்வதைப் பார்த்தால் குழப்பம் இல்லை: சோதனைக்கு உள்ளான இடம் பூட்டியிருந்தால், அங்கே குடியிருப்பவரோ அதற்குப் பொறுப்பாக இருப்பவரோ உள்ளே விட்டாக வேண்டும், விடாவிட்டால் உடைத்துப் போகலாம். 185-ல் நடக்கும் சோதனைக்கும் இந்த விதிகள் பொருந்தும். பொறுப்பாக இருப்பவர் நான். ஆனால் அதே பிரிவு, குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனையின்போது கூட இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் நான் பையனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் எஸ்.ஐ. காதில் விழும்படியே விஷயத்தைச் சொன்னேன். அவன் பெரிய தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் கேட்டேன். எஸ்.ஐ. முணுமுணுத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். அவன் வந்தபிறகுதான் கதவு திறந்தது.

சாட்சி வேண்டும் என்றார்கள். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சம்பந்தமில்லாத, மரியாதையான இரண்டு பேர் என்பது சட்டம். பக்கத்தில் இஸ்திரி போடும் பெரியவரையும், டீக்கடைக்காரரையும் கூட்டி வந்தார்கள். பெரியவர் பயந்துவிட்டார். "நான் எதுக்குங்க, எனக்குக் கோர்ட்டு கேஸெல்லாம் வேணாம்" என்றார். காரணமில்லாமல் மறுத்தால் அதுவே குற்றம் ஆகலாம் என்பது உண்மை. அதற்காக யாரையும் மிரட்டத் தேவையில்லை. கோர்ட் தனியாகச் சம்மன் அனுப்பினால் ஒழிய, சோதனை சாட்சி கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும் என்றில்லை. அதையும் அதே பிரிவே சொல்கிறது. அவரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, கண்ணால பார்த்ததுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க. எழுதாத பேப்பர்ல போடாதீங்க."

காவலர் ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். சோதனையை ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய சட்டத்தின் 105-வது பிரிவு. 185-லும் அது திரும்ப வருகிறது. பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். என் அபிப்பிராயத்தில் புதுச் சட்டத்தில் சாதாரண மனுஷனுக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் இதுதான். போன் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோருடைய பேச்சிலும் 'வாங்க', 'போங்க' தானாக வந்துவிடுகிறது.

கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டை மாதிரி கட்டிய போர்வைக்குள் போன்கள் இருந்தன. எஸ்.ஐ. அட்டைப் பேடில் கார்பன் தாள் வைத்து மகஜர் எழுதினார். ஒவ்வொரு போனாக எடுத்து, சார்ஜ் இருந்ததில் நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அடித்து போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைப் பார்த்து எழுதினார்கள். சார்ஜ் இல்லாததற்கு சிம் தட்டைக் குண்டூசியால் இழுத்து அதில் பொடியாக இருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தார்கள். ஒரு போனின் கீறலைக்கூட 'திரையில் இடது மூலையில் விரிசல்' என்று எழுதினார் ஏட்டு. நல்ல மகஜர் அப்படித்தான் இருக்க வேண்டும். 'சாம்சங் போன் ஒன்று' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு எந்தப் போனையும் அதில் சொருகலாம்.

பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டபிறகு அறைக்காரப் பையன் சும்மா நின்றான். நான்தான் ஜாடை காட்டினேன். "சார், லிஸ்ட் காப்பி" என்றான். சாட்சிகள் கையெழுத்திட்ட பட்டியலின் நகலைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கார்பன் பிரதி வந்தது. அந்த ஒரு தாள்தான் பின்னால் உதவியது. எப்படி என்றால், அதே அறையில் தங்கியிருந்த இன்னொரு மாணவனின் சொந்த லேப்டாப்பும் சேர்ந்து போய்விட்டது. அவன் ஊரில் இருந்தான். பட்டியலில் லேப்டாப்பின் சீரியல் எண் இருந்தது, அவன் அப்பாவிடம் கடை பில் இருந்தது. வக்கீல் தம்பி இரண்டையும் வைத்து, பொருளைத் திருப்பிக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டார். இப்போது இதற்கு 497, 503-வது பிரிவுகள். கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் மட்கவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லா வக்கீலும் மனுவில் எழுதுகிறார்கள். லேப்டாப், விசாரணையில் கேட்டால் கொண்டு வர வேண்டும் என்ற பாண்டோடு திரும்பி வந்தது. பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

இது பொருளைத் தேடி வருவது. ஆளைத் தேடி வருவது வேறு கதை. கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பினால், 44-வது பிரிவின்படி போலீஸ் உள்ளே வரலாம், அதிகாரத்தையும் நோக்கத்தையும் சொல்லியும் விடாவிட்டால் கதவை உடைக்கவும் செய்யலாம். இதற்குத் தனியாகச் சோதனை வாரண்ட் தேவையில்லை. ஒரு விடியற்காலையில் அடிதடி வழக்கில் தேடப்பட்ட ஒருவன் மொட்டை மாடித் தண்ணீர் டாங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். பிடித்துக்கொண்டு போனார்கள். அத்தோடு சரி. அவன் படுத்திருந்த அறையில் பெட்டியைத் திறக்கப் போன காவலரிடம், "ஆள் கெடச்சாச்சே சார், பொட்டிக்குத் தனியா எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் விவரம் தெரிந்தவர். "விட்டுடுய்யா" என்றார். கைதானவரின் உடம்பைச் சோதிக்கலாம், அதில் கிடைத்ததற்கு ரசீது கொடுக்க வேண்டும். அது 49-வது பிரிவு. பெண்களைப் பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும். எங்கள் மேன்ஷன் ஆண்களுக்கு மட்டும் என்பதால் அந்தப் பிரச்சினை வந்ததில்லை. பக்கத்துத் தெரு லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் அக்காவுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

கஞ்சா விஷயம் வந்தால் விதிமுறையே மாறிவிடும். அதற்குத் தனிச் சட்டம், 1985-ன் போதைப் பொருள் சட்டம். தண்டனை கடுமை என்பதால் நடைமுறையும் கறார். 42-வது பிரிவின்படி, அரசு அதிகாரம் அளித்த, காவலரைவிட மேல் பதவியில் உள்ளவர், கிடைத்த தகவலை எழுத்தில் வைத்துக்கொண்டு, சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே வாரண்ட் இல்லாமல் கட்டடத்துக்குள் நுழையலாம். இருட்டிய பிறகு நுழைய வேண்டுமானால், வாரண்ட் வாங்கப் போனால் சாட்சியம் மறைந்துவிடும் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று நம்பும் காரணத்தைத் தனியாக எழுத வேண்டும். எழுதியதை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 2009-ல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அவசரத்தில் எழுதக் கொஞ்சம் தாமதமானால் விளக்கம் சொல்லலாம், எழுதாமலே விட்டால் மன்னிப்பு இல்லை என்ற மாதிரி தீர்ப்புச் சொன்னது.

பொது இடத்துக்கு 43-வது பிரிவு. அங்கே இந்த எழுத்து வேலையெல்லாம் இந்த அளவுக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், பொது இடம் என்பதற்கு அந்தப் பிரிவு கொடுக்கும் விளக்கத்தில் ஹோட்டல், கடை எல்லாம் வருகிறது. அப்படியானால் மேன்ஷன்? எங்கள் ரிசப்ஷன் பொது இடம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். மாத வாடகை கொடுத்து, சாமி படம் மாட்டி, துணி காயப்போட்டுக் குடியிருக்கும் அறையை எப்படிப் பொது இடம் என்பது? வக்கீல் தம்பி இதை வைத்து ஒரு மணி நேரம் பேசுவார். அவர் வாதம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

கஞ்சா சோதனையில் பையன்களுக்கு நான் மனப்பாடம் செய்ய வைத்திருப்பது 50-வது பிரிவு. உடம்பைச் சோதிக்கும் முன், 'மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு' என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். 1999-ல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010-ல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. நடப்பு என்னவோ, 'எனக்கு அந்த உரிமை வேண்டாம், நீங்களே சோதிக்கலாம்' என்று அச்சடித்தது போல எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள், போடத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்புறம் ஒன்று: இந்த உரிமை உடம்புக்குத்தான், தோளில் மாட்டிய பைக்கு இல்லை என்று 2005-ல் பவன் குமார் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் யாரோ கொடுத்த பையை 'ஊருக்குக் கொண்டு போய்க் குடுத்துடு மச்சி' என்று வாங்கி வைத்துக்கொள்கிறவன் மாட்டினால், 50-வது பிரிவு காப்பாற்ற வராது.

பைக் சோதனை பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. வாலாஜா ரோட்டிலோ காமராஜர் சாலையிலோ நிறுத்தினால் நிறுத்துங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸை டிஜிலாக்கரில் காட்டினாலே போதும், சட்டப்படி செல்லும். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வழக்கு.

ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு, "வாட்ஸ்அப்பைத் திற" என்பது வேறு. நள்ளிரவில் பீச் பக்கம் டீ குடிக்கப் போன எங்கள் பையன் ஒருவனிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். வழக்கு இல்லை, சந்தேகமும் இல்லை, சும்மா. "சார், என் மேல கேஸ் இருந்தா நம்பர் சொல்லுங்க, போனை எழுதி வாங்கிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றானாம். கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். 1954-ல் எம்.பி. சர்மா வழக்கில், நியாயமில்லாத சோதனையைத் தடுக்கும் அமெரிக்காவின் 4-வது திருத்தம் போல ஒன்று நம் அரசியல் சாசனத்தில் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துச் சொன்னார்கள். போலீஸ் கேட்டால் போன் பாஸ்வேர்டைக் கொடுத்தாக வேண்டுமா என்பது இன்னும் கோர்ட்டுகளில் வாதாடப்படும் விஷயம்தான். நடுரோட்டில் ஒரு காவலர் விரலை நீட்டச் சொன்னால் நீட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அமெரிக்க சீரியல் பார்க்கும் பையன்கள் என்னிடம் அடிக்கடி சண்டைக்கு வருவார்கள். "அண்ணே, முறையில்லாம தேடினா எவிடன்ஸே செல்லாது." அங்கே, 1961-ல் மேப் வழக்குக்குப் பிறகு, அது பெருமளவு சரி. இங்கே இல்லை. 1962-ல் ராதா கிஷன் என்ற தபால்காரர் வழக்கு. பட்டுவாடா செய்யாத கடிதங்கள் அவர் வீட்டில் கிடைத்தன. சோதனை முறைப்படி இல்லை என்றார். முறையில்லாத சோதனையை நீ தடுத்திருக்கலாம், கிடைத்த சாட்சியத்தைக் கோர்ட் கவனமாகப் பார்க்கும், ஆனால் அதற்காகக் கைப்பற்றியது செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1973-ல் பூரண்மல் வழக்கிலும் அதே வழி. போதைப் பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு மாதிரி சில இடங்களில்தான் நடைமுறை பிசகினால் வழக்கே ஆட்டம் காணும்.

'தடுத்திருக்கலாம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாசலில் கையை விரித்து நிற்க வேண்டாம். ரஹ்மான் என்பவர், காரணம் எழுதாமல் வந்த கலால் அதிகாரிகளைத் தடுத்த வழக்கில் விடுதலை ஆனார், உண்மைதான். ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது. நமக்கு அன்றைக்கு ராத்திரியே அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகப் பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 221, கை பட்டுவிட்டால் 132 என்று ஒரு கேஸ் போட்டுவிடுவார்கள். டைரியில் என்ன எழுதினார்கள் என்பது வாசலில் நிற்கும் நமக்குத் தெரியவும் தெரியாது. என் வழி, வாயால் ஆட்சேபம், கையால் குறிப்பு. "எனக்குச் சம்மதம் இல்லை சார், ஆனா தடுக்க மாட்டேன்" என்று வீடியோவில் விழும்படி மரியாதையாகச் சொல்லிவிட்டு நேரம், பெயர், என்ன எடுத்தார்கள், என்ன எடுக்கவில்லை என்று எழுதுவது. விதியை மீறிப் புலனாய்வு செய்யும் அதிகாரி மேலும் அதே நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு பாயும். வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் புகார் கொடுக்கலாம், கிரீன்வேஸ் ரோட்டில் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்குப் போன் போட்டால் சட்ட உதவி மையத்தில் சேர்த்துவிடுவார்கள். இதற்கெல்லாம் கையில் குறிப்பு வேண்டும்.

சுதந்திர தினம், குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம் லாட்ஜ், மேன்ஷன் எல்லாவற்றையும் பார்க்க வருவார்கள். இது வழக்கம். பதிவேட்டையும் ஆதார் நகல்களையும் எடுத்து வைத்துவிடுவேன். அறையைப் பார்க்க வேண்டும் என்றால் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் சரி என்றால் திறப்பார். ஆள் இல்லாத அறைக்கு மாற்றுச் சாவியை நீட்டுவதில்லை. குடியிருப்பவருக்குப் பதிலாக நான் சம்மதம் கொடுக்க எனக்கு என்ன உரிமை? "ஆள் வந்ததும் போன் பண்றேன் ஏட்டய்யா" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். டீயும் ஒத்துக்கொள்வார்கள்.

வெளியூர் போலீஸ் வந்தால் ஒரு கூடுதல் கேள்வி உண்டு: "லோக்கல் ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சா சார்?" தன் எல்லைக்கு வெளியே சோதனை செய்யப் புதிய நடைமுறைச் சட்டத்தில் 186-வது பிரிவு. உள்ளூர் ஸ்டேஷன் மூலமாகச் செய்யச் சொல்லலாம், அவசரமென்றால் தாங்களே செய்துவிட்டு அந்த ஸ்டேஷனுக்குத் தகவலும் பட்டியலும் அனுப்ப வேண்டும். நிஜ போலீஸ் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டதில்லை.

பொய் போலீஸ்தான் தடுமாறும். ஒரு மத்தியானம் குட்டை முடியும் பிரவுன் ஷூவுமாக இரண்டு பேர் வந்தார்கள். "க்ரைம் டீம், ரெண்டாவது மாடி செக் பண்ணணும்" என்றார்கள். அந்த நேரம் பையன்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், லேப்டாப்புகள் அறையில் இருக்கும். க்ரைம் நம்பர் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றான் ஒருத்தன். ஐ.டி. கார்டைக் கையில் கொடுக்காமல் ஆட்டிக் காட்டினான். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஸ்டேஷன் பேரைச் சொல்லுங்க சார், 100-க்குப் போட்டு உறுதி பண்ணிட்டுத் தொறக்கறேன்" என்றேன். ஜீப்பில் இருக்கும் அய்யாவைக் கூட்டி வருவதாகச் சொல்லி இறங்கினார்கள். வரவில்லை.

புகார் கொடுத்ததும் நிஜ எஸ்.ஐ. வந்தார். சி.சி.டி.வி. பதிவு வேண்டும் என்றார். அதற்கு யாரும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அதே நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவில் எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார், நான் பென் டிரைவில் போட்டு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவைப்படும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு என் நோட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.